என் புளியமரத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்!

வணக்கம் உறவுகளே. இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் வந்திருக்கிறேன். பின்னால் தெரிகிறதா? கிளிநொச்சி, ஏ9 வீதி, போன வீடியோவில் காட்டிய அதே புளியமரம். நெஞ்சளவுக்குச் சுண்ணாம்பு! பக்கத்தில் ஏதோ விழாவாம், வீதி வடிவாக இருக்க வேண்டுமாம். யார் அடித்தது என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அடித்தவர் நல்ல உயரமான ஆள். காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய, பட்டையில் படர்கிற இலைக்கனை நான் கணக்கெடுப்பது நிலத்திலிருந்து ஒரு மீற்றரில் தொடங்கி ஒன்றரை மீற்றர் வரைக்கும். அவருடைய பிரஷ்ஷும் சரியாக அங்கேதான் போய் நின்றிருக்கிறது. மரத்தின் வடக்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் எண்ணி முடித்திருந்தேன். மேற்கும் தெற்கும் போச்சு.

புதிதாக வந்தவர்களுக்காக ஒருக்கா சொல்கிறேன். மரப்பட்டையில் சாம்பலும் வெளிர்பச்சையுமாகத் தேமல் மாதிரிப் படர்ந்திருக்குமே, அது நோய் இல்லை. போன வீடியோவுக்குக் கீழே ‘சுரண்டிவிடுங்கோ அண்ணா’ என்று எத்தனை பேர்! தயவுசெய்து சுரண்டாதீர்கள். அது இலைக்கன். பூஞ்சணமும் அல்கா என்கிற பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற உயிர். மரத்தில் ஒட்டியிருக்குமே தவிர, மரத்தின் சாற்றைக் குடிக்காது. வேர் கிடையாது, இலைக்கு மேலே இருக்கிற மெழுகுத்தோலும் கிடையாது. மழையிலும் காற்றிலும் வருவதுதான் சாப்பாடு. அதில் புகையிலிருக்கும் கந்தகவீரொட்சைட்டு என்ற வாயு வந்தால் அதையும் சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். அதனால்தான் புகை கூடிய நகரத்தில் முதலில் காணாமல் போகிற கூட்டத்தில் இதுவும் ஒன்று.

1866இலேயே நைலாண்டர் என்பவர் பரிஸில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். லக்சம்பேர்க் பூங்கா மரங்களில் இருந்த இலைக்கன் நகரத்தின் மற்ற இடங்களில் இல்லை. அப்புறம் 1970இல் ஹோக்ஸ்வேர்த், ரோஸ் என்று இரண்டு பேர், மரத்தைப் பார்த்தே கந்தகப் புகையைப் பூச்சியத்திலிருந்து பத்து வரை மதிப்பிட ஓர் அளவுகோல் செய்தார்கள். ஆனால் அது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். அதை அப்படியே வன்னிக்குக் கொண்டுவந்தால் கோமாளித்தனம். குளிரான மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளியில் தாடி மாதிரித் தொங்குகிற இலைக்கனை இந்த வெயிலில் தேடிவிட்டு, காணவில்லை, காற்று கெட்டுவிட்டது என்றால் எப்படி? இங்கே பட்டையோடு பொருக்காக ஒட்டிக் கிடப்பவைதான் அதிகம். ஆகவே நகரத்துப் புளியை நகரத்துக்கு வெளியே இரணைமடுக் குளத்துப் பக்கப் புளியோடு ஒப்பிட வேண்டும். புளிக்குப் புளி, ஏறக்குறைய ஒரே பருமன், ஒரே அளவு வெயில்.

சரி, இப்போது என் ஏணியைப் பாருங்கள். பத்து சென்ரிமீற்றர் கட்டம் ஐந்து, ஒன்றின் மேல் ஒன்று. இதை மரத்தின் நான்கு திசையிலும் வைத்து, ஒவ்வொரு வகையும் எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணிக் கூட்ட வேண்டும். ஐரோப்பாவில் இதற்கு ஒரு நியமமே இருக்கிறது. கம்பியில் வளைத்துத் தரச் சொல்லி ஒரு கடையில் கேட்டேன். 1,400 ரூபா! ஐந்து கட்டத்துக்கு! கட்டம் ஒன்று 280 ரூபா என்று வழி முழுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவின் ஈர்க்குமாறிலிருந்து எட்டு ஈர்க்கு உருவினேன். நெடுக்கே இரண்டு, குறுக்கே ஆறு, பட்டநூலால் கட்டு. செலவு பூச்சியம். ஏச்சு மட்டும் இலவசம். வளைந்த மரத்திலும் எப்படிப் படிந்து நிற்கிறது பாருங்கோ, கம்பி இப்படி நிற்குமா?

ஆ, ஒன்று மறந்துவிட்டேன். போன வீடியோவில் இலைக்கன் கணக்கெடுக்கக் குளக்கட்டு மருதமரம் நல்லது என்று சொன்னேன் அல்லவா? பிழை. மருது பட்டையை உரித்துப் போட்டுக்கொண்டே இருக்கும். அதோடு இலைக்கனும் விழுந்துவிடும். காற்றின்மேல் பழி போடக் கூடாது.

அதேபோல இலைக்கன் கூடினால் காற்று சுத்தம் என்றும் முடிவு கட்டாதீர்கள். சில மஞ்சள், செம்மஞ்சள் வகைகளுக்கு அமோனியா என்றால் கொள்ளை ஆசை. மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் அவை செழித்திருந்தால் அது சாணத்தின் கதை.

‘காற்றின் தரத்தைக் காட்ட போனில் செயலி இருக்கிறதே, அதில் பார்க்கலாமே’ என்றும் கேட்கிறீர்கள். எனக்கு அந்தச் செயலியைக் கண்ணில் காட்டக் கூடாது. கருவி எங்கேயோ தூரத்தில் இருக்கும், இலக்கம் மட்டும் என் வாசலுக்கு வந்துவிடும். ஆனால் நியாயமாகச் சொன்னால், 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் காற்று மோசமென்று பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அப்படி ஓரிரு நாள் வந்து போவதை இந்த இலைக்கன் காட்டாது. வருடத்துக்குச் சில மில்லிமீற்றர்தான் வளரும். பல வருடக் காற்றைத்தான் அது எழுதி வைக்கிறது. இரண்டுக்கும் வேலை வேறு.

இங்கே, சுண்ணாம்புக்கு மேலே ஒரு துண்டு தப்பியிருக்கிறது. தண்ணீர் தெளிக்கிறேன்... பார்த்தீர்களா? சாம்பல் பச்சையாகிறது! நனைந்தால் மேல்தோல் கண்ணாடி மாதிரியாகி உள்ளே இருக்கிற அல்கா தெரியும். ஓ, பள்ளிக்கூடத்தில் பாசிச்சாயத்தாள் என்று ஒன்று இருந்ததே, அமிலத்தில் சிவக்குமே, அந்தச் சாயமும் இலைக்கனிலிருந்துதான் எடுத்தது.

இந்த மரம் இனி எனக்கு உதவாது. மழையில் சுண்ணாம்பு கழன்றாலும் பட்டையின் காரத்தன்மை கூடியிருக்கும், வேறு வகைகள் வந்து குடியேறும். அதனால் கிளிநொச்சி நகரத்துக்குள் வெள்ளையடிக்காத பெரிய புளியமரம் தெரிந்தால் கீழே எழுதுங்கள். பக்கத்தில் யாராவது சுண்ணாம்பு வாளியோடு நின்றால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், போய் மறியுங்கள். நான் ஈர்க்கு ஏணியோடு வருகிறேன்.