ஒரே தண்ணீர், ஒரே ஞானஸ்நானம்

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, குருசேகரச் செயலாளர் அவர்களே, பெண்கள் ஐக்கியச் சங்கத் தலைவி அம்மா அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கிற அருட்தந்தை அவர்களே, பெரம்பூரிலிருந்தும் அயனாவரத்திலிருந்தும் வந்திருக்கும் பாஸ்டர்மார்களே, இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற வேப்பேரிப் பெரியவர்களே, எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். மூன்று தலைமுறை சபைகளை ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்த வாலிபர் சங்கத்துத் தம்பிமாருக்குத் தனியாக நன்றி.

இன்றைக்கு மூன்று காரியங்கள் பேச நினைக்கிறேன். ஞானஸ்நானத்தின் பொருள் என்ன? தெளிப்பா, முழுக்கா? ஞானப்பெற்றோரின் கடமை என்ன?

பொருளைப் பவுல் ரோமர் 6-ஆம் அதிகாரத்தில் எழுதிவிட்டார். கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்பட்டு, அவரோடு புது ஜீவனுக்கு எழுந்திருப்பது. தண்ணீரில் இறங்கிய பழைய மனுஷன் அங்கேயே செத்துப்போக வேண்டும். அவனையும் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தால், குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதைதான்.

தெளிப்பா, முழுக்கா என்று நம் வீடுகளில் அண்ணன் தம்பி பேசாமல் போனதுண்டு. ஆதித் திருச்சபையின் போதனை நூலான 'திதகே' என்ன சொல்கிறது? ஓடுகிற தண்ணீரில் கொடு; இல்லையென்றால் வேறு தண்ணீரில் கொடு; குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீரில் கொடு; இரண்டும் இல்லையா, திரியேக நாமத்தில் தலையில் மூன்று தரம் ஊற்று. அவ்வளவு தாராளம்! சரி, இதற்கு மேல் இதில் சண்டை வேண்டாம்.

ஏனென்றால் என் நெஞ்சில் இருப்பது வேறு. 1707-இல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு முதலில் ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் அடிமைகளாக இருந்தவர்கள். தமிழ்நாட்டு லுத்தரன் சபை அவர்களிலிருந்து தொடங்கியது. ஆனால் 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் அனுப்பியபோது எங்கெல்லாம் எதிர்ப்பு கிளம்பியது தெரியுமா? தஞ்சாவூரில். அப்புறம், இதே வேப்பேரியில்.

பழைய கதை என்கிறீர்களா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பையனும் பெண்ணும் ஒரே ஆலயத்தில், ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒரே ஞாயிறு பள்ளி, ஒரே பாடகர் குழு. பெண் பார்க்கக் காரில் வந்து இறங்கினார்கள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. சபை ஐயர் ஜெபமும் செய்தார். பெண்ணின் அப்பா பிளாஸ்டிக் கவரிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழையும் திடப்படுத்தல் சான்றிதழையும் எடுத்து நீட்டினார். பையனின் பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கம் வெள்ளைத்தாள்! அப்புறம் மெதுவாக, "எல்லாம் சரிங்க... பூர்வீகம் எந்தப் பக்கம்?" என்றார். வீடே அமைதி. எதற்குக் கேட்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். மூலையில் பாட்டியம்மா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். உலக்கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்க பூர்வீகம் யோர்தான் கரை தம்பி. உங்களுக்கு எந்தக் கரை?"

கை தட்டுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. காரில் ஏறிப் போனவர்கள் அடுத்த ஞாயிறு அதே பெஞ்சில் உட்கார்ந்து விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டோம் ஐயா! அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி, பிலிப்புவிடம் "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" என்று கேட்டான். பிலிப்பு அவன் பூர்வீகத்தை விசாரிக்கவில்லை, ரதத்தை விட்டு இறங்கி அவனோடு தண்ணீருக்குள் போனான்.

ஞானப்பெற்றோர் பற்றிப் பேச நேரமில்லை; ஆயர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் திருமணத் தகவல் படிவத்தில் 'உட்பிரிவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். சாதி குறிப்பிட்டு வரும் வரன் விளம்பரத்தைச் சபைப் பத்திரிகையில் போடக்கூடாது. கல்லறைத் தோட்டத்தில் நடுவே நிற்கிற குட்டிச்சுவரை இடிக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுதிய விண்ணப்பம் வாசலில் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும் முன்னால் கையெழுத்துப் போடுங்கள். மேடையில் இருக்கும் பெரியவர்களும்தான். முதல் வரியை உங்களுக்காகக் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.