மாத்திரை அட்டையும் மார்புக் கட்டியும்

(காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் வளவில், மகளிர் சுய உதவிக் குழுக்களின் முன் பேசியது)

ஆச்சிமார்களுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

போன மாதம் ஓர் அம்மா என் அறைக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தார். "எம் மக பையில இருந்துச்சு டாக்டரம்மா. கல்யாணம் ஆகாத பிள்ளை. கருத்தடை மாத்திரையாம். மார்ல புத்து வரும்னு வாட்ஸ்அப்புல வேற வந்திருக்கு." குரல் உடைந்துபோயிருந்தது.

மகளுக்கு பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி. மாதவிலக்கை ஒழுங்குபடுத்தத்தான் டாக்டர் அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்திருக்கிறார். ஊர்ப் பேச்சு பற்றிய பயம் அதோடு தீர்ந்தது. புற்றுநோய் பயத்துக்குத்தான் அரைமணி நேரம் ஆனது. ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. "அதெல்லாம் ஒண்ணுமில்லை, போங்க" என்று அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

உலகம் முழுக்க நடந்த 54 ஆய்வுகளை 1996-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிடும் காலத்தில் மார்புப் புற்று ஆபத்து கால் பங்கு கூடுகிறது; நிறுத்திய பின் மெல்ல இறங்கி, பத்து வருஷத்தில் வித்தியாசமே தெரிவதில்லை. 2017-ல் டென்மார்க்கில் 18 லட்சம் பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், இந்த மாத்திரை போல ஹார்மோன் உள்ள கருத்தடை எடுத்தவர்களுக்கு இந்த ஆபத்து 20 சதவீதம் கூடுதல்.

இருபது சதவீதம் என்றதும் நூறு பேரில் இருபது பேருக்கு வரும் என்று நெஞ்சு பதறும். அப்படி இல்லை. நம் காரைக்குடி ஜனத்தொகை லட்சத்துச் சொச்சம். அத்தனை பேரும் 50 வயதுக்கு உட்பட்ட பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டென்மார்க் கணக்குப்படி, யாருமே ஹார்மோன் எடுக்காவிட்டாலும் ஒரு வருஷத்தில் சுமார் 55 பேருக்கு மார்புப் புற்று வரும். எல்லாருமே எடுத்தால் 68. கூடுவது 13 பேர். நம் நாட்டில் இந்த நோயின் விகிதமே அங்கே இருப்பதைவிடக் குறைவு. டென்மார்க்கிலேயே 35 வயதுக்குக் கீழே கூடுதல் லட்சத்துக்கு 2 பேர்தான். பத்து வருஷத்துக்கு மேல் விடாமல் எடுத்தால் கூடுதல் ஆபத்து 38 சதவீதம் வரை போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இதே மாத்திரை சினைப்பைப் புற்றையும் கருப்பைப் புற்றையும் குறைக்கிறது. பாட்டிக்கோ சித்திக்கோ மார்புப் புற்று இருந்தது என்பதற்காக மட்டும் மாத்திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில்லை, ஆனால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தனக்கே வந்தவர்களுக்கு ஹார்மோன் வேண்டாம். கருப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் இல்லாத காப்பர்-டி இருக்கிறது.

சரி, எந்தக் கருத்தடை மருந்தில் ஹார்மோன் இருக்கிறது? மாலா-என், மாலா-டி மாத்திரை இரண்டிலும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியிலும் உண்டு. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டும், பிறகு வாரம் ஒன்றும் சாப்பிடும் சாயா மாத்திரையில் இல்லை, அது லக்னோவில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது.

பால்குடம் எடுக்கிற நாளில் தூரமாகிவிடக் கூடாதென்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களே, அதுவும் ஹார்மோன்தான். நான் சொன்ன ஆய்வுகள் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் எடுப்பவர்களைப் பற்றியவை, ஐந்தாறு நாள் போடுவதைப் பற்றியவை அல்ல. ஆனால் காலில் ரத்தம் உறைந்த தொந்தரவு இருந்தவர்கள் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

அந்த அம்மா எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "எனக்கும் ஒண்ணு காட்டணும்" என்றார். இடது மார்பில், அக்குளை ஒட்டி, நெல்லிக்காய் அளவு கட்டி. வலி இல்லை, அதனால் எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையே தொடாதவர் அவர். மகளுக்கு வந்துவிடுமோ என்று தூக்கம் கெட்டவர், தன் கட்டியை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அன்றைக்கே ஸ்கேனுக்கும் ஊசிப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். இப்போது சிகிச்சை நடக்கிறது. அந்த எட்டு மாதம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

பேசி முடித்ததும் நான் இந்த வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். மாத்திரை அட்டை கொண்டுவந்தவர்களும், காட்டவேண்டியது ஏதாவது இருப்பவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வாருங்கள். ஆண்கள் முகப்பிலேயே இருக்கட்டும்.