திக்கற்ற பிள்ளையும் விதவையும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தலைவர் அண்ணன் அவர்களே, இரு அணிகளிலும் அமர்ந்திருக்கும் என் சபைக் குடும்பத்தாரே, பெரியோரே, வாலிபப் பிள்ளைகளே, அனைவருக்கும் என் அன்பின் வணக்கம்.

‘வெளிநாட்டு மிஷன் பயணத்தால் பெரிதும் பயன் பெறுவது யார்? அங்கே இருக்கும் பிள்ளைகளும் முதியோருமா, இங்கிருந்து போகிறவர்களா?’ இதுதான் நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. போகிறவர்களே என்று வாதிட வந்திருக்கிறேன். மூன்று முறை போய் வந்தவள் என்பதால் வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை ஒரு படத்தைத் திரையில் காட்டினார். கம்போடியாவில் ஒரு பிள்ளைகள் இல்லம். ஏழெட்டுப் பிள்ளைகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். “இந்தச் சிரிப்பைவிட வேறு சாட்சி வேண்டுமா?” என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். அப்படி ஒரு படம் என்னிடமும் இருக்கிறது. 2011இல் எடுத்தது. அந்தப் படத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அப்போது எனக்கு 21 வயது. நம் சிங்கப்பூரிலிருந்து கம்போடியாவின் சியெம் ரீப் நகருக்கு 14 பேர், பத்து நாள் பயணம். ஊருக்கு வெளியே ஓர் இல்லம். வேனை விட்டு இறங்கியதும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் யார், எங்கிருந்து வருகிறேன், எதுவும் அவளுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் சீப்போடு வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ரப்பர் பேண்டைப் பல்லிடுக்கில் கடித்தபடி, பின்னிவிடச் சொல்லித் தலையை ஆட்டினாள். பின்னிவிட்டேன். பத்து நாளும் அதே சீப்பு, அதே ரப்பர் பேண்ட். கம்போடியாவின் கெமர் மக்கள் தலையைப் புனிதமாக நினைப்பவர்கள், அந்நியர் தலையைத் தொடுவது அங்கே வழக்கமில்லை என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். அந்தப் பிள்ளை முன்பின் தெரியாத எனக்குத் தன் தலையைக் கொடுத்திருந்தாள்.

கடைசி நாள் வந்தது. ஜெபம் பண்ணினோம், அழுதோம், மிட்டாய் கொடுத்தோம். எங்கள் வேன் வாசலைத் தாண்டும்போது எதிரே இன்னொரு வேன் உள்ளே வந்தது. அடுத்த குழு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தச் சிறுமி ஓடிப்போய், அந்த வேனிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

ஊர் திரும்பி, சாட்சி சொல்லும் நேரத்தில் இதே சபையில் எழுந்து நின்று, “எவ்வளவு அன்பான பிள்ளை!” என்று சொன்னேன். அப்படித்தான் நம்பினேன். நான் பார்த்தது என்ன என்று விளங்க எனக்கு ஏழு வருடம் ஆயிற்று. 2018இல் என் மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது, ஆராதனை முடிந்து அத்தைமார் ஆசையாகக் கை நீட்டினால் அவள் வீறிட்டு அழுவாள். என் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. குழந்தை மருத்துவர் சொன்னார், “நல்லதுதானம்மா. தன் ஆள் யார், அந்நியர் யார் என்று குழந்தைக்குத் தெரிகிறது.” அந்த நிமிடம் எனக்கு அந்த வேன் நினைவுக்கு வந்தது. ஆறு வயதிலும் அந்த வேறுபாடு தெரியாத பிள்ளையைப் பார்த்துத்தான் நான் உருகிப்போயிருந்தேன்.

இது ஒரு தாயின் கலக்கம் மட்டும் அல்ல, நடுவர் ஐயா. ருமேனியாவில் 1989இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது, அரசு இல்லங்களில் அடைபட்டிருந்த குழந்தைகளை உலகம் பார்த்தது. பிறகு அதன் தலைநகர் புக்காரெஸ்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து வருடக்கணக்காகக் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், ஒட்டுறவிலும் அறிவு வளர்ச்சியிலும் தேறினார்கள். எந்த அந்நியரிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் இயல்பு, இல்லங்களில் வளரும் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று. ஒருவர் நிலையாக இல்லாத இடத்தில், வருகிறவர் எவரையும் பிடித்துக்கொள்ளக் குழந்தை பழகிவிடுகிறது. நாம் பத்து நாள் அன்பு காட்டிவிட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பிரிவு. தங்கை காட்டிய படத்தில் அந்தப் பிரிவு தெரியாது. படம் எடுப்பது வந்த நாளில், கிளம்பும் நாளில் அல்ல.

“பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?” என்று எதிரணி கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் கம்போடியாவில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று அந்த நாட்டு அரசும் யூனிசெஃப்பும் சொல்லியிருக்கின்றன. 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. உள்நாட்டுப் போர் முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்த ஆண்டுகளில் கூடியவர்கள் அநாதைகள் அல்லர், அங்கோர் வாட் பார்க்க வரும் பயணிகளும் நம்மைப் போன்ற குழுக்களும்தான். வருகிறவர் இருந்தால் காணிக்கை வரும், காணிக்கை வந்தால் இல்லம் எழும், இல்லம் எழுந்தால் அதற்குப் பிள்ளைகள் வேண்டும். கிராமத்துக்கு ஆள் போகும். “உங்கள் பிள்ளையைப் படிக்கவைக்கிறோம், மூன்று வேளை சோறு போடுகிறோம்” என்று சொல்லும். ஏழைத் தாய் அனுப்பிவிடுவாள்.

எல்லா இல்லமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. உயிரைக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்க்கிறவர்களையும் அங்கே பார்த்திருக்கிறேன். ஆனால் இல்லம் என்பது கடைசி வழி, அதுவும் தற்காலிக வழி என்று கம்போடிய அரசே 2006இல் கொள்கை வகுத்தது. பிள்ளைகளை இப்படி இல்லங்களுக்கு வரவழைத்துப் பணம் பார்ப்பதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவம் என்று ஆஸ்திரேலியா 2018இல் தன் சட்ட வழியில் ஏற்றுக்கொண்டது. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அமெரிக்கச் சபையார் பத்துப் பேர் 33 பிள்ளைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்று பிடிபட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள். அந்தப் பத்துப் பேரும் பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகத்தான் சொன்னார்கள்.

ஒன்று கேட்கிறேன். நாளை காலை வெளிநாட்டிலிருந்து 14 பேர் வந்து, நம் மகளின் பாலர் பள்ளிக்குள் நுழைந்து, பிள்ளைகளை மடியில் வைத்துப் படம் எடுத்தால் நாம் விடுவோமா? நம் பிள்ளைக்குக் கூடாதது அந்தப் பிள்ளைக்கு எப்படி ஆகும்?

முதியோர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எதிரணி சொன்னதில் ஒரு பங்கை மனமார ஒப்புக்கொள்கிறேன். முதியோர் இல்லத்தில் போய்ப் பாடுவது, நகம் வெட்டிவிடுவது, பக்கத்தில் உட்கார்வது, இவை பிள்ளைகள் இல்லத்துக்குப் போவதைப் போன்றவை அல்ல. விருந்தாளி போய்விடுவார் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் தெரியும். ஒரு மணி நேரப் பேச்சு அவர்களுக்கு ஒரு மணி நேர சந்தோஷம்தான், அதில் காயம் இல்லை. ஆனால் கம்போடியாவில் பெரும்பாலான முதியோர் இல்லங்களில் இல்லை. வீட்டில் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். நாம் போகிற வழியில் அந்த வீடு வருவதில்லை. அதுதான் என் முழு வழக்கும், நடுவர் ஐயா.

திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் உபத்திரவத்தில் விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று வேதாகமத்தில் யாக்கோபு எழுதினார். ஒரே மூச்சில் இருவரையும் சொன்னார். நாம்தான் காலையில் பிள்ளைகள் இல்லம், மாலையில் முதியோர் இல்லம் என்று பயணத் திட்டத்தில் இரண்டாகப் பிரித்துவிட்டோம். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை நான் கண்ணால் பார்த்தது 2023இல், மூன்றாவது பயணத்தில்.

பந்தேய் மீன்சே மாகாணத்தில் ஒரு கிராமம். தாய்லாந்து எல்லையில் இருக்கும் பொய்பெட் ஊர்ப் பக்கம். அப்போது இளவயதினர் பலரும் தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போயிருந்தார்கள், பிள்ளைகள் பாட்டியிடம் இருந்தார்கள். அங்கே பாட்டியை யேய் என்பார்கள். நாங்கள் பார்க்கப் போன யேய்க்கு எழுபதுக்கு மேல். 1975 முதல் 1979 வரை போல் பாட்டின் கெமர் ரூஜ் கொடுங்கோல் ஆட்சியில் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்தவர். பிழைத்த மகள் எல்லைக்கு அப்பால் வேலையில் இருந்தாள். பேரனுக்கு ஒன்பது வயது. யேய்க்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து பார்வை மங்கிவிட்டது. அவர்கள் தோளில் போடும் கட்டம்போட்ட துண்டின் ஒரு முனையைப் பேரன் பிடித்து முன்னால் நடப்பான், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு யேய் பின்னால் நடப்பார். அப்படித்தான் குளத்துக்கு, அப்படித்தான் கடைக்கு. அதனால் அவன் பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் போவதில்லை. ஓர் இல்லத்திலிருந்து ஆள் வந்து அவனைக் கேட்டுப் போயிருந்தார்கள். யேய் கொடுத்துவிடும் மனநிலைக்கு வந்துவிட்டார்.

அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது யார்? நாங்கள் அல்ல. அந்தக் கிராமத்துச் சிறு சபையின் பெண் ஒருவர். யேயை வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார், அறுவைச் சிகிச்சைக்குக் கூட இருந்தார், இரண்டு இரவு தரையில் படுத்தார், திரும்பி வந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார். நம் சபை அனுப்பியது வண்டிக் கூலியும் சாப்பாட்டுச் செலவும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பையன் பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

எதிரணித் தலைவர் அண்ணன் உணர்ச்சியோடு கேட்டார்: “அன்று அந்நிய தேசத்து மிஷனரிகள் கப்பல் ஏறாதிருந்தால் இன்று நாம் எங்கே?” அண்ணா, அவர்கள் வந்தார்கள், தங்கினார்கள். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியதும் என்ன செய்தார்? திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பிள்ளைகளோடு வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பிள்ளைகளிடம் அவர் முதலில் போனது மாணவராக. 1719இல் அந்த ஊரிலேயே உயிரை விட்டார். அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951இல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் அவரை அம்மா என்று அழைத்தார்கள் என்றால், மறுநாள் காலையிலும் அவர் அங்கே இருந்தார். 55 வருடத்தையும் பத்து நாளையும் நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். பயணம் போய் வந்த வாலிபர்கள் மாறிவிட்டார்கள், ஜெபிக்கிறார்கள், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தவர்களும் உண்டு என்றார். முற்றிலும் உண்மை. என் வாழ்க்கையும் அப்படித்தான் மாறியது. போகிறவர்களுக்கே பயன் அதிகம் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தேவையில்லை. அதை வெட்கப்படாமல் ஒப்புக்கொள்வோம். கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று சொல்லிப் போவோம். ஆறு மாதம் முன்பே கெமர் மொழியில் நாலு வார்த்தை படித்துவிட்டுப் போவோம். இல்லத்து வாசலில் வேனை நிறுத்தாமல், அங்குள்ள சபைப் பெண்களின் பின்னால் நடந்து யேயின் வீட்டுக்குப் போவோம். பிள்ளைகளோடு விளையாடலாம், அவர்கள் பாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர்கள் முற்றத்தில்.

யேய் வீட்டுப் படிக்கட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவர் சிறு உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார், பல் இல்லை. எங்கள் பாட்டியும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இடித்துப் போட்டுக்கொள்வார் என்று மொழிபெயர்ப்பவரிடம் சொன்னேன். யேய் சிரித்தார். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். புதிதாகப் பார்வை கிடைத்தவர் பார்ப்பதைப் போலப் பார்த்தார். பிறகு கையால் தரையைத் தட்டி, திரும்பி உட்காரச் சொன்னார். பயணக் களைப்பில் என் தலை கலைந்து கிடந்தது. யேய் என் பின்னலைப் பிரித்தார், விரலாலேயே சிக்கெடுத்தார், ரப்பர் பேண்டை வெறும் ஈறுகளுக்கிடையே கடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னத் தொடங்கினார்.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் ஐயா. வணக்கம்.