ஸ்பைரல் ஜெட்டி: கலைஞரோடு சேர்ந்து ரயில்பாதையும் உருவாக்கிய சிற்பம்

[காட்சி: வானிலிருந்து. வெள்ளை உப்புத் தரையில் கரிய கற்சுருள்.]

குரல்: அமெரிக்காவின் யூட்டா மாநிலம். கிரேட் சால்ட் ஏரியின் வடகிழக்குக் கரையில் ரோசல் முனை. 1970 ஏப்ரலில் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன் 'ஸ்பைரல் ஜெட்டி' (சுருள் படகுத்துறை) என்ற சிற்பத்துக்காக இங்கே டிப்பர் லாரிகளைக் கொண்டுவந்து, ஏரிக்குள் 6,650 டன் கல்லும் மண்ணும் கொட்டவைத்தார். 1,500 அடி நீளம், 15 அடி அகலம். இடஞ்சுழியாகச் சுருண்டு போகும் இந்தப் படகுத்துறையில் எந்தப் படகையும் கட்ட முடியாது.

[காட்சி: அருகில். கருங்கல் விளிம்பில் உப்புப் பொருக்கு, அடியில் இளஞ்சிவப்பு நீர்.]

குரல்: இந்தச் சிவப்புதான் அவரை இங்கே இழுத்தது. ஆனால் அதை இவ்வளவு அடர்த்தியாக்கியது ஒரு ரயில்பாதை! 1959இல் ஏரியின் குறுக்கே கற்கரை போட்டு ரயில் விட்டார்கள். பேர், வீபர், ஜோர்டான் என்ற மூன்று ஆறுகளும் இந்தக் கற்கரைக்குத் தெற்கிலேயே கலக்கின்றன. வடபாதிக்கு நேரடி ஆற்றுநீர் கிடையாது. வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறியது. உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் மட்டும் பெருகின. அவற்றின் நிறமிதான் நாம் காணும் சிவப்பு.

[காட்சி: நீர்மட்ட வரைபடம்.]

குரல்: கட்டிய சில ஆண்டுகளில் சுருள் மூழ்கியது. 1973இல் டெக்சாஸில் இன்னொரு படைப்புக்காக இடம் பார்க்கப் பறந்தபோது விமான விபத்தில் ஸ்மித்சன் இறந்தார். 1980களில் ஏரி பொங்கியது. 1987இல் அரசே ராட்சத பம்புகள் வைத்து நீரை மேற்குப் பாலைவனத்துக்கு இறைத்தது. சுருளோ பல அடி ஆழத்தில் கிடந்தது. பிறகு வறட்சி வந்தது. 2002இல் அது வெளியே வந்தபோது கற்கள் உப்பேறி வெளுத்திருந்தன. என்னைக் கேட்டால், ஸ்மித்சன் போட்ட கறுப்பைவிட இந்த வெளுப்பே அழகு.

2022இல் ஏரி அதுவரை காணாத அளவுக்குத் தாழ்ந்தது. வறட்சி ஒரு காரணம். வயல்களுக்கும் ஊர்களுக்கும் ஆற்றுநீரைத் திருப்புவது பெரிய காரணம். நீர் இப்போது சுருளைவிட்டுத் தள்ளிப் போய்விட்டது.

[காட்சி: ரயில்கரையின் திறப்பு.]

குரல்: 2023 தொடக்கத்தில், வடக்கின் உப்புநீர் தெற்கே கலக்காமலிருக்க, ரயில்கரையின் திறப்பிலுள்ள தடுப்பை 5 அடி உயர்த்தினார்கள். தெற்கே உப்பு மிஞ்சினால் உப்புநீர் இறால் அழியும், அதைத் தின்னும் பறவைகளும் பட்டினி கிடக்கும். தெற்கு பிழைக்க, வடக்குக்கு வரும் நீர் இன்னும் குறைந்தது. இறாலா, சிற்பமா என்றால் நானும் இறால் பக்கம்தான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: கோல்டன் ஸ்பைக் பூங்காவைத் தாண்டினால் மண்சாலை. குடிநீர் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கல் எதையும் எடுத்துவராதீர்கள்.