கடலுக்கு வியர்க்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். புயல் மேகங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நான் ஒரு வாளியிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வருடத்துக்கு முன் சரக்குக் கப்பலில் செகண்ட் மேட் என்ற அதிகாரியாக இருந்தேன். வங்கக்கடலில் போகும்போது காலை ஐந்தரை, பகல் பதினொன்றரை என்று ஆறு மணிக்கொரு தடவை வானிலைக் குறிப்பு எழுத வேண்டும். காற்று, மேகம், அப்புறம் கடல்நீரின் வெப்பம். அதற்கென்று ஒரு கான்வாஸ் வாளி. கயிறு கட்டி இறக்கி, மொண்டு, மேலே இழுத்துத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்போம். ஒருநாள் நிறைந்த வாளியைத் தளத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து நிதானமாக அளந்து எழுதினேன். பார்த்துக்கொண்டிருந்த செராங்கு, அதாவது தள மாலுமிகளின் தலைவர், தூத்துக்குடிக்காரர். "சார், பானைத் தண்ணிய அளந்துட்டுக் கடல்னு எழுதுறீங்களே!" என்றார். மறுபடி மொண்டு உடனே அளந்தால், அரை டிகிரிக்கு மேல் கூடுதல்!

மண்பானை ஏன் குளிர்கிறது? கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஈரக் கான்வாஸிலும் அதேதான். அரை டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-லிருந்து 2015-க்குள் சூடேறியதே சுமார் 1 டிகிரிதான். அந்தக் கால வாளிகள் கடலைக் குளிராகக் காட்டியதால், அப்படியே வைத்துக்கொண்டால் உலகக் கடல்கள் உண்மையைவிட அதிகம் சூடேறியதாகத் தெரியும். ஆய்வாளர்கள் உட்கார்ந்து அதையெல்லாம் திருத்தினார்கள். திருத்திய பிறகும் ஏற்றம் ஏற்றமாகவே நிற்கிறது.

சரி, வாளியை வைத்துவிடுகிறேன். வாளிக்கு நடந்ததுதான் கடலுக்கும் நடக்கிறது. வெயில் கொடுத்த சூட்டைக் கடல் பெரும்பாலும் ஆவியாக்கித்தான் இறக்கி வைக்கிறது. கடலுக்கு வியர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆவி மேலே போய்க் குளிர்ந்து நீராகும்போது, கொண்டுபோன சூட்டை அங்கே விடுகிறது. அந்தச் சூடுதான் மேகத்தை இன்னும் மேலே தள்ளுகிறது. பதினாறு, பதினேழு கிலோமீட்டர் வரைகூட! அதற்குமேல் ஏற முடியாமல் தலை தட்டையாகப் பரவும், கொல்லன் பட்டறைக்கல் மாதிரி. கப்பலில் அதைக் கண்டால் செராங்கு யாரையும் கேட்காமல் தார்ப்பாயை இறுக்கிக் கட்ட ஆரம்பித்துவிடுவார்.

மேலே போன சூடு கடைசியில் விண்வெளிக்குப் போக வேண்டும். வழியில் நிற்பது கரியமில வாயு. ஹவாயின் மௌனா லோவா மலையில் விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. போகிற சூட்டில் ஒரு பங்கை அது கீழே திருப்பி விடுகிறது. கடல் என்ன செய்யும்? தானும் சூடேறி, இன்னும் வியர்க்கும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். அதனால்தான் வரும் மழை மொத்தமாகக் கொட்டுகிறது. புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். வருகிற புயல் சுமக்கும் தண்ணீரைச் சொல்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வாளி என் நேரத்தைச் சாப்பிட்டுவிட்டது. ஒன்றே ஒன்று. இடிமேகம் எழும்பக் கடல் சுமார் 27, 28 டிகிரி இருக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கோடும் நிலையாக நிற்பதில்லை. உயரத்தில் உள்ள காற்றும் சேர்ந்து சூடாவதால் கோடும் மெல்ல உயர்கிறது. அதனால் கடல் சூடான இடமெல்லாம் இடிமேகம் என்று கணக்குப் போடக் கூடாது. சுற்றியுள்ள கடலைவிட எந்த இடம் அதிகம் சூடாக இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். எல் நினோ பற்றி எழுதி வைத்த இரண்டு பக்கம் அப்படியே கையில் இருக்கிறது. வணக்கம்.