புத்தகமில்லாத முகாமில் ஓர் ஓவியர்: யூசெஃப் சாப்ஸ்கி

அவையோருக்கு என் வணக்கம். போலந்தின் நவீன ஓவியர்களுள் ஒருவரும், எழுத்தாளருமான யூசெஃப் சாப்ஸ்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு மேடையில் நின்று அவரைப் பற்றிப் பேசுவதில் தனியான பொருத்தம் உண்டு. ஏனெனில் அவருடைய வாழ்க்கையின் மிகக் கடுமையான குளிர்காலத்தில் அவர் செய்ததும் இதே வேலைதான்.

1896இல் பிராக் நகரில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்து, மின்ஸ்க் அருகிலிருந்த குடும்பப் பண்ணையில் வளர்ந்தவர் அவர். புனித பீட்டர்ஸ்பர்க்கில் சட்டம் பயின்று, பின்பு கிராக்கோவ் நுண்கலைக் கழகத்தில் ஓவியம் கற்றார். 1924இல் தம் ஆசிரியர் பான்கியெவிச்சைச் சுற்றித் திரண்ட மாணவர்களுடன் பாரிசுக்குப் புறப்பட்டார். ஆறு வாரம் தங்கலாம் என்று போனவர்கள் ஆறு ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டனர். ‘கபிஸ்டுகள்’ என்று பெயர் பெற்ற அக்குழு, நாட்டின் வரலாற்றுப் பெருமையைச் சித்திரிப்பதே ஓவியனின் கடன் என்ற பழைய எண்ணத்தை விலக்கி, பிரெஞ்சு ஓவியர்கள் செசானையும் பொன்னாரையும் வழிகாட்டிகளாகக் கொண்டு, நிறத்தையே ஓவியத்தின் உயிராகக் கருதியது.

1926இல் டைபாய்டு காய்ச்சல் கண்டு லண்டனில் உறவினர் வீட்டில் படுத்திருந்த நாட்களில்தான் அவர் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்டின் ‘இழந்த காலத்தைத் தேடி’ என்ற பெருநாவலை முழுமையாகப் படித்தார். முன்பு ஒருமுறை கையிலெடுத்து, பிரெஞ்சு வாக்கியங்களின் நீளம் பிடிபடாமல் வைத்துவிட்ட நூல் அது. நோய்ப்படுக்கையில் கிடைத்த அந்த ஓய்வு பிற்காலத்தில் அவருக்கு எப்படிக் கைகொடுக்கப் போகிறது என்பதை அன்று யார் அறிந்திருக்க முடியும்?

1939 செப்டம்பரில் போலந்து ஜெர்மனியாலும் சோவியத் ஒன்றியத்தாலும் இரு பக்கமிருந்தும் தாக்கப்பட்டபோது, படை அதிகாரியான சாப்ஸ்கி சோவியத் படைகளிடம் சிறைப்பட்டு ஸ்டாரோபெல்ஸ்க் முகாமில் அடைக்கப்பட்டார். 1940 வசந்தத்தில் கைதிகளைச் சிறுசிறு குழுக்களாக அழைத்துச் சென்றனர். அவ்வாறு சென்றவர்களுள் ஏறத்தாழ 3,800 பேர் கார்கிவ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அம்முகாமிலிருந்து உயிர் தப்பியவர்கள் சுமார் 80 பேர் மட்டுமே. சாப்ஸ்கி அவர்களுள் ஒருவர். தோழர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமலேயே, பிற முகாம்களில் எஞ்சியவர்களோடு சேர்த்து, மொத்தம் 400 பேர் அளவில், வடக்கே கிரியாஸவெத்ஸ் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

அங்கே, 1940–41 குளிர்காலத்தில், பழைய மடாலயம் ஒன்றின் உணவுக்கூடத்தில் கைதிகள் தமக்குள் சொற்பொழிவுகள் நடத்தினார்கள். ஒருவர் புத்தகத்தின் வரலாறு பேசினார், இன்னொருவர் கட்டடக்கலை, மற்றொருவர் மலையேற்றம். சாப்ஸ்கி எடுத்துக்கொண்டது பிரெஞ்சு ஓவியமும் புரூஸ்டும். பேசப்போவதை முன்கூட்டியே அதிகாரிகளிடம் எழுதிக்கொடுத்து அனுமதி பெற வேண்டியிருந்தது. உறைய வைக்கும் வெளிக்குளிரில் பகலெல்லாம் வேலை செய்து களைத்த சுமார் நாற்பது பேர், மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் படங்களுக்குக் கீழே நெருக்கியடித்து அமர்ந்து, பாரிஸ் சீமாட்டிகளின் வரவேற்பறைகளைப் பற்றிக் கேட்டார்கள்.

சாப்ஸ்கியின் கையில் ஒரு பக்கம்கூட இல்லை. நினைவிலிருந்தே, பிரெஞ்சு மொழியிலேயே பேசினார். நாவலில் வரும் பெர்கோத் என்ற முதிய எழுத்தாளர், நோயுற்ற நிலையில் டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியமொன்றைக் காணச் சென்று, அதிலுள்ள சின்னஞ்சிறு மஞ்சள் சுவர்ப்பகுதியைப் பார்த்தபடி, ‘நானும் இப்படித்தான் எழுதியிருக்க வேண்டும்’ என்று உணர்ந்து, அங்கேயே சரிந்து உயிர் விடும் காட்சியை அவர் சொல்லியிருக்கிறார். ஒரு துளி மஞ்சள் நிறத்துக்காக ஒரு மனிதன் தன் வாழ்நாள் எழுத்தையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கிறான் என்பதை, நாளை உயிரோடிருப்போமா என்று அறியாதவர்களிடம் ஓர் ஓவியர் சொல்கிறார். சாப்ஸ்கியைப் பற்றி நான் அறிந்தவற்றுள் இதைவிட என்னை உலுக்கியது வேறில்லை. அச்சொற்பொழிவுகளின் சுருக்கத்தை இரு நண்பர்கள் எழுதிக்கொண்டதால்தான் அது நமக்குக் கிடைத்திருக்கிறது.

1941இல் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியபின் விடுதலையான சாப்ஸ்கி, தளபதி ஆண்டர்ஸின் போலந்துப் படையில் சேர்ந்தார். காணாமற்போன அதிகாரிகளைத் தேடும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெயர்ப் பட்டியலை ஏந்தி மாஸ்கோவரை சென்றார். உண்மையான பதில் எங்கும் கிடைக்கவில்லை. அந்தத் தேடலையும் படையோடு நடந்த நெடும்பயணத்தையும் எழுதி 1949இல் நூலாக வெளியிட்டார். அந்த அதிகாரிகளைத் தாங்களே கொன்றதாக சோவியத் அரசு ஒப்புக்கொண்ட 1990இல் அவருக்கு வயது 94.

போருக்குப்பின் பாரிசை அடுத்த மேசோன்-லாஃபித்தில், ‘குல்துரா’ என்ற புலம்பெயர் போலந்து இதழின் இல்லத்தில் ஒரு மாடியறையில் வாழ்ந்தார். போருக்கு முன் வரைந்தவற்றுள் பெரும்பாலானவை அழிந்திருந்தன. ஐம்பதை நெருங்கும் வயதில் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. மெட்ரோ நிலையத்தில் காத்திருப்பவர், காபிக் கடையில் தனித்தமர்ந்த கிழவர், நாடக அரங்கின் மாடத்தில் பாதி மட்டும் தெரியும் ஒருத்தி என்று அன்றாட மனிதர்களின் தனிமையையே வரைந்தார். முகாமைப் பற்றி எழுதிய அவர், ஓவியத்தில் முகாமை நாடாமல் இம்மனிதர்களிடம் திரும்பியதில் தப்பித்தல் எதுவும் இல்லை என்பது என் கருத்து. கூட்டம் கூட்டமாக மனிதர்கள் மறைந்துபோனதைக் கண்ட கண், பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே நின்று பார்த்தது.

அவருடைய நாட்குறிப்புகள் 270 தொகுதிகளுக்கு மேல் உள்ளன. எழுத்துக்கு நடுவே கோட்டோவியமும் நீர்வண்ணமும் கலந்த ஏடுகள் அவை. பார்வை மங்கிய இறுதி ஆண்டுகளில், எழுத்துகள் பெரிதாகிப் பெரிதாகி, ஒரு பக்கத்தில் சில சொற்களே இடம்பெறும் அளவுக்கு வளர்ந்தன. 1993 ஜனவரியில், தமது 96ஆம் வயதில், அவர் அதே இல்லத்தில் காலமானார்.