அவள் இல்லாத பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 31 ஆண்டுகள் வாடகை நூலகம் நடத்தியவள் நான். பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரிய அறை, மூன்று சுவரிலும் தட்டுகள், வாசலை ஒட்டி ஒரு மேசை, மேசைமேல் கணக்கு நோட்டு. புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. சரித்திரக் கதை, துப்பறியும் கதை, சமையல் குறிப்பு, பக்தி என்று எல்லாம் வைத்திருந்தேன். ஆனால் அந்த அறைக்கு மாதம் தவறாமல் வாடகை கட்டியவன் ஒருவன்தான். அவன் ஒரு முரடன்.

உங்களுக்கும் அவனைத் தெரியும். மாதத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு வருவான். கண் சிவந்திருக்கும், புருவம் நெரிந்திருக்கும். சின்ன வயதில் யாரோ அவனைக் கைவிட்டிருப்பார்கள். குடிப்பான், கையில் கிடைத்ததை வீசுவான், ஆனால் நாய்க்குட்டியிடம் மட்டும் அன்பாக இருப்பான். மலையில் ஓர் எஸ்டேட் கட்டாயம் உண்டு. எங்கள் பக்கம் எஸ்டேட்டுக்கு எங்கே போவது? முந்திரித் தோப்புதான். முந்திரித் தோப்பு வைத்திருக்கும் முரடனை ஒருவரும் எழுதவில்லையே என்று எனக்கு நீண்ட நாள் மனக்குறை. அது கிடக்கட்டும். அந்த எஸ்டேட்டுக்கு ஒரு பெண் வந்து சேர்வாள். அப்பாவுக்குக் கடன் இருக்கும், அல்லது அப்பாவே இருக்கமாட்டார். உலகம் தெரியாதவள். அவன் முறைப்பான், அவள் மிரளுவாள். இருபதாம் பக்கத்தில் மிரண்டவள் நூற்றிருபதாம் பக்கத்தில் அவன் தலையை மடியில் வைத்துக்கொள்வாள். ஆன்டி ஹீரோ கதை என்று இப்போது பெயர் சொல்கிறார்கள். எங்கள் கடையில் 'முரட்டுக் கதை' என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

இதைப் படிக்கும் பெண்களை ஏளனமாகப் பேசுவது ரொம்ப சுலபம். 'இப்படிப் படித்துத்தான் பெண்கள் கெட்டுப்போகிறார்கள்' என்று என் மேசைக்கு எதிரே நின்று சொன்ன பெரியவர்கள் உண்டு. சொல்லிவிட்டுத் துப்பறியும் கதை எடுத்துப் போவார்கள், அதில் அத்தியாயத்துக்கு ஒரு கொலை. ஒரு நர்ஸ் வருவார், இரவுப் பணிக்குப் போகும் வழியில். அவரிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன், 'இவனை எப்படித்தான் பிடிக்கிறது உங்களுக்கு?' அவர் சொன்னார்: 'அக்கா, இப்படி ஒருத்தன் நேரில் வந்தால் போலீஸில் புகார் கொடுப்பேன். புத்தகத்தில் வந்தால் இரண்டு நாள் கூடுதல் வாடகை கொடுப்பேன்.' இந்தத் தெளிவு எத்தனை பேருக்கு உண்டு?

அதோடு இன்னொன்று. வீட்டில் அப்பா சொன்ன சொல்லை மாற்ற முடியாது, அண்ணன் முடிவெடுத்தால் எடுத்ததுதான், அலுவலகத்தில் மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டு வரும் பெண்ணுக்கு, ஊரே நடுங்கும் ஒருவன் ஒரு சின்னப் பெண்ணின் சொல்லுக்கு அடங்குகிறான் என்று படிக்கக் கிடைத்தால் அந்த இனிப்பை நான் குறைசொல்லத் தயாரில்லை.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். இந்தக் கதையை நாவலாசிரியர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். நம் வீட்டுத் திண்ணையில் பிறந்த கதை இது. 'பையன் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கிறான், ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் சரியாகிவிடுவான்.' கேட்காதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கால்கட்டு! அவன் காலில் கட்டும் கயிறாக ஒரு பெண். அவளும் எப்படிப்பட்டவளாக இருக்க வேண்டுமாம்? விவரமில்லாதவளாக, வாய் இல்லாதவளாக. விவரமானவள் என்றால் முதலிலேயே விசாரித்துவிடுவாளே. என் அத்தை ஒருவரை அப்படித்தான் கொடுத்தார்கள். அவர் கதை மடியில் தலைவைத்து முடியவில்லை. அதைச் சொன்னால் என் நேரம் போய்விடும்.

பென்சில் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நான் இங்கே வந்ததே.

வாடகை நூலகத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும், ஒவ்வொருவரும் படித்த புத்தகத்தில் ஓர் அடையாளம் வைப்பார்கள். முன்பே படித்துவிட்டோமா என்று தெரிந்துகொள்ளத்தான். ஒருவர் 32-ஆம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார், ஒருவர் 50-இல் பூ வரைவார். எனக்கு எல்லார் அடையாளமும் தெரியும். போஸ்ட்மேனுக்குக் கையெழுத்து தெரிகிற மாதிரி. சிலர் இதோடு நிற்காமல் ஓரத்தில் கருத்தும் எழுதுவார்கள். எழுதக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தேன். பலகையிலும் எழுதினார்கள்.

ஒரு நாவல். பெயர் வேண்டாம். அதில் முரடன் அவளைக் கன்னத்தில் அறைகிறான். அடுத்த பக்கத்திலேயே அவள் மன்னிக்கிறாள், அவன் தூங்கும்போது போர்வையை இழுத்துப் போர்த்திவிடுகிறாள். திரும்பி வந்த புத்தகத்தைப் புரட்டினேன். போர்வை போர்த்திய வரிக்கு நேராக ஓரத்தில் யாரோ பென்சிலால் 'ஏன்?' என்று எழுதியிருந்தார்கள். அழிப்பானால் அழிக்கலாம் என்று எடுத்தேன், வேறு வேலை வந்தது, தட்டில் வைத்துவிட்டேன். புத்தகம் வெளியே போயிற்று. அடுத்த முறை வந்தபோது 'ஏன்?' என்பதற்குக் கீழே வேறு கையெழுத்தில் பதில்: 'அவனுக்கு அம்மா இல்லை.' கதையிலும் காரணம் அதுதான், சின்ன வயதில் தாயை இழந்தவன். சரி, கேள்வியும் பதிலும் முடிந்தது என்று நினைத்தேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கும். மூன்றாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது, மிகச் சின்ன எழுத்தில்: 'எனக்கும்தான் இல்லை.'

நேயர்களே, அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்று மாலை முழுக்க எனக்குக் கணக்கு ஓடவில்லை. எனக்கும்தான் இல்லை. நான் யாரை அறைந்தேன்?

புத்தகத்தில் 17-ஆம் பக்கத்தில் ஒரு பிறை அடையாளம் இருந்தது. பிறை யாருடையது என்று எனக்குத் தெரியும். பாட்டியோடு வரும் பெண். பாட்டி பக்திப் புத்தகத் தட்டுப் பக்கம் போவார், இவள் நேராக முரடனிடம் போவாள். வாரம் இரண்டு. அடுத்த முறை வந்தபோது நான் குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'ஏம்மா, எப்போதும் இதே மாதிரிக் கதையை எடுக்கிறாயே, சலிக்கவில்லையா?' என்று மட்டும் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். 'அவள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று ஒருவரும் எழுதுவதில்லை அக்கா. யாராவது எழுதியிருப்பார்களா என்று பார்க்கிறேன்' என்றாள்.

அன்றிலிருந்து எந்தக் காதல் கதையைத் திறந்தாலும் நான் அந்தப் பக்கத்தைத்தான் தேடுகிறேன். அவள் இல்லாத பக்கம். அவள் கண்ணீர் இல்லை, அவள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, மன்னிப்பு கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. அப்போது அவன் பாட்டிலைத் திறக்கிறானா, மூடுகிறானா? அந்தப் பக்கம் இருந்தால் அந்தக் காதலை நான் நம்புகிறேன். இல்லையென்றால் அவள் மனைவியாக அந்த வீட்டுக்குப் போகவில்லை, மருந்தாகப் போகிறாள். மருந்து தீர்ந்தால் என்ன ஆகும்?

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது உங்களில் பலருக்கு உடம்பிலேயே நினைவிருக்கும். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. என் கடையின் தகரக் கூரை பறந்து பக்கத்துத் தெருவில் கிடந்தது. பாதிக்கு மேல் புத்தகங்கள் களியாகிவிட்டன. கணக்கு நோட்டில் மையால் எழுதிய பெயர்களெல்லாம் கரைந்து நீலக் குளமாகிவிட்டன, யார் எனக்குப் பாக்கி என்பது அன்றோடு போயிற்று. அந்த நாவல் கிடைத்தது. மொட்டைமாடியில் உலர்த்தினேன், அப்பளம் மாதிரி ஆயிற்று. ஆனால் பென்சில் எழுத்துக்குத் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை. மூன்று வரியும் அப்படியே இருக்கின்றன. இப்போதுகூட அது என் பையில்தான் இருக்கிறது. தாள் சரசரப்பு ஒலிவாங்கியில் கேட்கும் என்று வெளியே எடுக்க வேண்டாம் என்கிறார்கள்.

அவள் இல்லாத பக்கத்துக்கு உதாரணம் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. என் கடை இருந்த ஊரிலேயே கிடைத்தது. இது காதல் கதை இல்லை, அக்காள் தம்பி கதை. பெரியபுராணத்தில் வருவது. மருள்நீக்கியார் என்கிற பிள்ளை, பெற்றோரை இழந்தவர். அக்காள் திலகவதியாருக்கு நிச்சயம் செய்யப்பட்ட கலிப்பகையார் போரில் இறந்துபோனார். உயிரை விட இருந்த அக்காள், தம்பிக்காக வாழ்கிறார். தம்பியோ வேறு வழி தேடிச் சமணத்தில் சேர்ந்து, எங்கள் திருப்பாதிரிப்புலியூர்ச் சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருக்கிறார். சமயச் சண்டையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், எனக்கு அது பொருட்டில்லை. சூலை நோய் வந்து வயிற்றைப் பிடுங்குகிறது. சமையல்காரரை அனுப்பி அக்காளுக்குச் சொல்லியனுப்புகிறார். அக்காள் திருவதிகையில், பண்ருட்டிப் பக்கம், கோயிலில் அலகிட்டு மெழுகிக்கொண்டிருக்கிறார்.

இங்கேதான் கவனியுங்கள். பாசத்துக்காக உயிரையே வைத்துக்கொண்டவர், ஓடி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. அங்கே நான் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். கெட்ட கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். வாசலை அவர் சாத்தவில்லை, தாண்டவும் இல்லை. தம்பிதான் வயிற்று வலியோடு, இரவில், யாருக்கும் தெரியாமல் திருவதிகைக்கு நடந்து போகிறார். அந்த வழி முழுக்க அக்காள் இல்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான் திருநீறு கிடைக்கிறது, பதிகம் பிறக்கிறது, திருநாவுக்கரசர் ஆகிறார். நான் பண்ருட்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே அந்த இரவு நடையைத்தான் நினைப்பேன்.

அப்பாவிப் பெண், மடந்தை என்று சொல்கிறோமே, அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று அடுக்குகிறோமே, அதில் மடம் என்பதற்குப் பழைய உரைகாரர்கள் கொடுத்த பொருள் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை.' சொல்லிக்கொடுத்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை விடமாட்டாள் என்று அர்த்தம். நம் கதாசிரியர்கள் அதை ஒன்றும் தெரியாதவள் என்று ஆக்கிவிட்டார்கள்.

மேல்நாட்டுக்காரர்களும் இதே தலைவலியோடு இருந்தார்கள். என் வாசகர், ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலப் பேராசிரியர், சொல்லித்தான் எனக்குத் தெரியும். லண்டனில் சாமுவேல் ரிச்சர்ட்சன் என்று ஒருவர், அச்சகம் வைத்திருந்தவர். 1740-இல் 'பமேலா' எழுதினார். வேலைக்காரப் பெண், துரத்தும் முதலாளி, கடைசியில் முதலாளி திருந்திக் கல்யாணம். நம் எஸ்டேட் கதைக்குக் கொள்ளுப்பாட்டி. பிறகு 'கிளாரிசா' எழுதினார், 1747, 48-இல், ஏழு தொகுதி. நான் படித்தது சுருக்கம்தான், பொய் சொல்லக் கூடாது. திருந்திய தூர்த்தன்தான், அதாவது பெண்பித்தன்தான், நல்ல கணவன் ஆவான் என்கிற நம்பிக்கை ஆபத்தானது என்று அதன் முன்னுரையிலேயே எச்சரித்தார். கதை முழுக்கக் கடிதங்கள். ஆகவே கிளாரிசாவைத் துரத்தும் தூர்த்தன் லவ்லேஸ் தன் நண்பனுக்கு எழுதும் கடிதங்களில் அவள் இல்லாத பக்கங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் அவன் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான்! இவ்வளவு பச்சையாக எழுதியும் வாசகிகள் கேட்டார்களா? நடுவிலேயே கடிதம் எழுதினார்கள், அவனைத் திருத்திவிடுங்கள், சேர்த்துவையுங்கள் என்று. ஒரு சீமாட்டி புனைபெயரில் மன்றாடியிருக்கிறார். ரிச்சர்ட்சன் மசியவில்லை. பிந்திய பதிப்புகளில் அவன் கொடுமை இன்னும் துலங்கும்படி சேர்த்து எழுதினார். அவர் புத்தகத்தையும் யாராவது என் கடையில் வைத்திருந்தால் ஓரத்தில் பென்சில் ஓடியிருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். நான் சங்கப் பாட்டுக்கு என்று கால் மணி நேரம் ஒதுக்கி வந்தேன், பென்சில் தின்றுவிட்டது. வேகமாகச் சொல்கிறேன். மருதத் திணையில் தலைவன் பரத்தையிடம் போய்விட்டுத் திரும்புவான். நேரே உள்ளே வர முடியாது. தூது அனுப்ப வேண்டும், அந்தத் தூதுக்கு 'வாயில்' என்றே பெயர். பாணன் வருவான், நயமாகப் பேசுவான். பாட்டுகளுக்கு அடியில், எந்தச் சூழலில் யார் சொன்னது என்கிற துறைக்குறிப்பு இருக்கும்: தோழி வாயில் மறுத்தது. அதாவது, முடியாது போ என்றது. சில பாட்டில் வாயில் நேர்ந்தது என்று இருக்கும், விட்டாள் என்று. ஆனால் மறுத்த பாட்டுகளைப் படித்துப் பாருங்கள், உள்ளே தலைவி சும்மா அழுதுகொண்டிருப்பதில்லை, தோழி வாயிலாகத் தலைவனின் ஊர்ப் பொய்கையையும் அதில் மேயும் எருமையையும் சொல்லிச் சொல்லியே அவனைக் குத்துகிறாள். அந்த எருமைப் பாட்டு ஒன்றை முழுதாகச் சொல்ல ஆசை,

ஒரு விரல் ஆகிவிட்டது. பிறை போட்ட பெண்ணே, எங்காவது கேட்டுக்கொண்டிருந்தால், புத்தகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உன் முன்பணம் இருபது ரூபாயும் பாக்கி இருக்கிறது, வந்து வாங்கிக்கொள். வணக்கம்.